பாசிக்குடாப் பக்கம் ரெண்டு இரவு: ஹோட்டலா, சமையலாளோட வீடா?

எருவில்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் லீவுக்குக் குடும்பமா ரெண்டு இரவு எங்கயாவது தங்கோணும். தூரம் போக ஏலாது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். நுவரெலியா எண்டு வாயெடுத்தாலே, "என்ன விட்டுட்டுப் போங்க" எண்டுறா. அதால நம்மட மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ளயே, பாசிக்குடா கல்குடாப் பக்கம் எண்டு முடிவு. களுவாஞ்சிக்குடியில இருந்து வேன்ல ஒண்டரை, ரெண்டு மணித்தியாலம்.

ஆக்கள் ஒன்பது பேர். நான், மனிசி, எங்கட ரெண்டு புள்ளையள், அம்மா, கொழும்பில இருந்து ரயில்ல வாற தங்கச்சி, மச்சான், அவங்கட ரெண்டு புள்ளையள்.

ஹோட்டல் ஒண்டுக்கு எடுத்துக் கேட்டன். அறை 25,000 எண்டு சொல்லிற்று, கடைசியில மெல்லமா "பிளஸ் பிளஸ் சேர்" எண்டார். அந்த ரெண்டு பிளஸ்ஸும் என்னெண்டு கேட்டா, 10 வீதம் சேவைக் கட்டணம், 18 வீதம் வற் (VAT) வரி. அப்ப அறை 32,000க்குக் கிட்டப் போகுது. மூண்டு அறை, ரெண்டு இரவு. ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் கடந்துட்டு. அதுவும் காலைச் சாப்பாட்டோட மட்டும்.

மற்றப் பக்கம், கல்குடாவில ஒரு வீடு. மூண்டு அறை, ஹோல், குசினி, பெரிய வளவு. கூட்டித் துடைக்க ஆள் வரும், கேட்டா சமைக்கவும் ஆள் தருவாங்களாம். முழு வீடும் ஒரு இரவுக்கு 40,000. எனக்கு மனசு அங்கதான். மனிசி ஒரே வரியில முடிச்சிட்டா: "வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்குப் போறதுக்கு என்னத்துக்கு லீவு?"

அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்க.

படுவான்கரைப் பொடியன்:
ஒண்டரை மணித்தியால ஓட்டத்துக்கு ஏனண்ணே தங்கல்? காலையில வெளிக்கிட்டு, குளிச்சி, பின்னேரம் வந்து சேருங்க. ரெண்டு லட்சத்துக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எடுக்கலாம்.

எருவில்காரன்:
கலியாணம் கட்டி ரெண்டு புள்ள பெத்துட்டு வந்து இதக் கேளு தம்பி.

ஓட்டமாவடி நானா:
முதல்ல ஒரு விசயம். நம்ம ஊர்ல ஒருத்தர்ட்டப் போய் "நல்ல ஹோட்டல் ஒண்டு காட்டுங்க" எண்டு கேட்டா, கொத்துரொட்டி போடுற இடத்தத்தான் காட்டுவார். அதால தங்குற ஹோட்டல் எண்டு விளக்கமாக் கேளுங்க. :)

மத்தப்படி கணக்கு லேசு. ரெண்டு பேர் எண்டா ஹோட்டல். நாலு பேர் எண்டா எதுவும் பரவாயில்ல. ஆறு பேருக்கு மேல போனா வீடுதான். ஹோட்டல்ல காசு அறைக் கணக்கு, வீட்டுல கூரைக் கணக்கு. ஒன்பது பேர மூண்டு அறையில பிரிச்சிப் போட்டா மறுகா என்ன நடக்கும் தெரியுமா? ராவைக்கு எல்லாரும் ஒரு அறைக் கட்டிலுல ஏறிக் குந்திக் கதைப்பீங்க. பக்கத்து அறைக்காரன் வரவேற்புக்கு அடிச்சி முறைப்பாடு குடுப்பான். நாங்க பட்டது.

கல்லடிப் புள்ள:
உங்கட மனிசியிட பக்கம் ஒரு வாக்கு. ஏனெண்டு சொல்லுறன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

"குசினி இருக்கு" எண்டு சந்தோசப்படுறது எப்பவும் ஆம்பிளையள்தான். போன வருசம் நாங்க பதினொரு பேர் இப்பிடித்தான் ஒரு வீடெடுத்தம். முழு வசதியுள்ள குசினி எண்டு போட்டிருந்திச்சு. போய்ப் பாத்தா ரெண்டு அடுப்புக் காஸ் குக்கர், கைபிடி ஆடுற தாச்சி ஒண்டு, தேங்காய் துருவ ஒண்டுமில்ல, கத்தி பாணக் கூட வெட்டாது. பதினொரு பேருக்குப் புட்டவிக்க அந்தப் பானை காணுமா? நானும் மாமியும் மச்சாளும் ரெண்டு நாளும் அடுப்படியில. கடல் பக்கத்துல எண்டு சத்தத்த வச்சித்தான் தெரியும். ஆம்பிளையள் ஒரு ராவு கோழி சுட்டாங்க, அதுக்கு மசாலா தடவினதும் நாங்க, மறுநாள் கரி புடிச்ச கம்பிய உரஞ்சிக் கழுவினதும் நாங்க. படத்துல மட்டும் அவங்க நிக்குறாங்க.

அதால "சமையலாள் தருவாங்க" எண்ட சொல்ல நம்பி விட்டுடாதீங்க. ஆள் வருமா, எத்தின நேரத்துக்கு, சட்டி பானை கழுவுறது ஆரு, மரக்கறி மீன் சாமான் வாங்கிக் குடுக்கிறது ஆரு, இந்த நாலையும் கேளுங்க. ஆள் இல்லாட்டி அது லீவு இல்ல, வாடகைக்கு எடுத்த வேலை.

எருவில்காரன்:
இத மனிசியிட்டக் காட்டினன். "அந்தப் புள்ளைக்கு என்ட அன்பைச் சொல்லுங்க" எண்டா.

சாய்ந்தமருது ராத்தா:
கல்லடித் தங்கச்சி செல்றது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா எங்கட பக்கக் கதை வேற.

நாங்க வீடுதான் எடுக்குற, அதுக்குக் காரணம் சல்லி இல்ல. ஹோட்டல்ல நீச்சல் தடாகம் இருக்கு, ஆனா முழு உடுப்போட எறங்கப் படா என்டு சில இடத்துல போர்ட் போட்டிருக்கு. எறங்கினாலும் சுத்திவர ஆம்புளயள் கதிரை போட்டுப் படுத்திருக்காங்க. எங்கட புள்ளயள் கரையில காலத் தொங்கப் போட்டுட்டு வாற. மதில் கட்டின வளவும் சின்ன தடாகமும் உள்ள வீடு ஒன்டு கிடைச்சிச்சி. என்ட உம்மாவுக்கு அறுவத்தெட்டு வயசு. வாழ்க்கையில முதல் தரம் நெஞ்சளவு தண்ணிக்க நின்டா. பேத்திமார் கையப் புடிச்சிக்கிட்டு ஒரு மணித்தியாலம், வெளிய வர மாட்டன் என்டுட்டா.

சாப்பாடும் அப்பிடித்தான். ஹலால் என்டு எழுதியிருந்தாலும் பக்கத்து மேசையில போத்தல் இருந்தா வாப்பாவுக்கு இறங்காது. வீட்டுல எங்கட இறைச்சி, எங்கட சட்டி. சட்டிய ஊருல இருந்தே கொண்டு போற. சிரிக்காதீங்க, வேன்ல இடமிருக்கு.

தம்பி, உங்கட அம்மாவும் வெள்ளிக்கிழமை மச்சம் தின்னாத ஆளா இருந்தா, இதே கதைதான்.

எருவில்காரன்:
வெள்ளி மட்டுமில்ல ராத்தா, செவ்வாயும். சட்டிக் கதை எங்கட வீட்டிலயும் இருக்கு.

பாசிக்குடா வரவேற்பு மேசை:
நான் இந்தப் பக்கத்து ஹோட்டல் ஒண்டுல வேலை செய்யிறவன். பேர் சொல்ல மாட்டன். ஹோட்டல ஒரேயடியா வெட்டுறீங்க எண்டதால எழுதுறன்.

சேவைக் கட்டணம் எண்டதும் எல்லாரும் முகத்தச் சுழிக்கிறீங்க. எங்கட இடத்துல அது மாசக் கடைசியில வேலைக்காரருக்குப் பிரியுற காசு. சீசன் நல்லா இருந்தா அதாலதான் எங்கட வீட்டுல அடுப்பெரியுது. வற் அரசாங்கத்துக்கு. சின்ன இடங்களிட வருமானம் வற் பதிவுக்குரிய எல்லைக்குக் கீழ, அதால அங்க அது இல்ல. அந்த வித்தியாசத்த வச்சி எங்களக் கொள்ளைக்காரன் ஆக்காதீங்க.

பிள்ளையளோட வாறவங்க ஒண்டு யோசிக்கோணும். ராவு பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனா ஜெனரேட்டர் எங்களிட்ட இருக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா, வாகனம் பிடிச்சித் தர ஒருத்தன் முழிச்சிருப்பான், அது நான்தான். தனி வீட்டுல ஆர முழிப்பாட்டுவீங்க?

ஒரு வழி சொல்லுறன். உள்ளூர் ஆக்கள் இப்ப கன பேர் அப்பிடித்தான் செய்யிறாங்க. தங்குறது வீட்டுல, ஒரு நாள் பகலுக்கு மட்டும் ஹோட்டலுக்கு வாங்க. பகல் சாப்பாடும் தடாகமும் சேத்து ஆள் கணக்குல எடுப்பம், பிள்ளையளுக்குப் பாதி. எல்லா ஹோட்டலும் தராது, எடுத்துக் கேக்கோணும். வார இறுதியில கேட்டா இல்லெண்டும் சொல்லுவம்.

ஓட்டமாவடி நானா:
இது நல்ல கதை.

வாழைச்சேனை வாத்தியார்:
வரவேற்பு மேசைத் தம்பியிட கதையோட ஒரு பழைய கதையும் சேக்கிறன். எழுபதுகளில பாசிக்குடாவில ஹோட்டல் இருந்தது. மறுகா யுத்தம். இருந்ததெல்லாம் உடைஞ்ச சுவரா நிண்டதத்தான் உங்கட வயசு ஆக்கள் சின்னனில பாத்திருப்பீங்க. அதுக்கு மேல 2004 மார்கழி 26 சுனாமி. இப்ப நிக்கிற பெரிய ஹோட்டல்கள் எல்லாம் யுத்தம் முடிஞ்ச பிறகு எழும்பினது. கல்குடாப் பக்கத்து வாடகை வீடுகள் கன பேர் காணி வித்த காசிலயும், வெளிநாட்டுச் சொந்தம் அனுப்பின காசிலயும் கட்டினது. அதால வீட்டுல தங்கினா காசு ஊருக்குள்ள சுத்தும் எண்டு ஒரு எண்ணம் எனக்கு. ஹோட்டல்ல வேலை செய்யிற பொடியன்மாரும் ஊர்ப் பிள்ளையள்தான் எண்டு நீங்க சொன்னா, அதுவும் சரி.

இன்னொரு முக்கியமான விசயம். பாசிக்குடா வளைகுடாவில கன தூரம் நடந்து போனாலும் இடுப்பளவு தண்ணிதான். அதப் பாத்துட்டு அடுத்த பக்கம் கல்குடாக் கரையிலயும் பிள்ளையள இறக்கி விடாதீங்க. அங்க அலையும் ஆழமும் வேற. வீடு கல்குடாவில எண்டாலும் குளிக்கப் பாசிக்குடாவுக்கே கொண்டு போங்க.

வளவுக்காரி:
வீடு வாடகைக்குக் குடுக்கிற ஆள் ஒருத்தியும் இங்க இருக்கன், என்னையும் கொஞ்சம் கேளுங்க.

"சேவையோட" எண்டா எங்கட வீட்டுல இவ்வளவுதான்: வரும்போது கழுவின விரிப்பு, துவாய், சவர்க்காரம், நுளம்பு வலை, காஸ் சிலிண்டர் ஒண்டு, குடிக்கிற தண்ணிக் கேன் ரெண்டு. காலையில ஒரு அக்கா வந்து கூட்டுவா. சமைக்கிறது அவவிட தங்கச்சி, அவவுக்குக் கூலி தனி, நாளுக்கு 4,000. சாமான் நீங்க வாங்கோணும். மீன் வாங்கத் தெரியாட்டி அவவையே காலையில வாழைச்சேனைக்கு அனுப்புங்க, மூண்டுசில்லுக் காசு மட்டும் குடுங்க. உங்களுக்கு 1,800 சொல்லுற மீன் அவவுக்கு 1,400க்கு வரும்.

இனி எங்கட பக்கத்து வயித்தெரிச்சல். ஒன்பது பேர் எண்டு சொல்லிப் பதினேழு பேர் வந்து இறங்கின கூட்டம் இருக்கு. "சும்மா பகலுக்கு வந்தவங்க அக்கா" எண்டாங்க, விடிய எண்ணிப் பாத்தா பதினேழும் படுத்திருக்கு. முகம் கழுவுற பேசினுக்குள்ள கணவாய் கழுவினவங்க இருக்காங்க. அந்தக் கறுப்பு மை போக மூண்டு நாள் எடுத்திச்சு. மூண்டு அறை ஏசியையும் போட்டுட்டுக் கடலுக்குப் போறது வழமை. "வீடு குளுந்து கிடக்கட்டும்" எண்டு ஒரு ஐயா சொன்னார். அதுக்குப் பிறகுதான் நான் ஏசிக் கரண்ட தனி மீட்டர்ல யூனிட் கணக்குக்கு மாத்தினன். இப்ப அவரவர் கையாலயே நிப்பாட்டுறாங்க.

எருவில்காரன்:
வளவுக்காரி அக்கா, முழங்கால் வருத்தக்காரருக்கு வீட்டுல என்ன பாக்கோணும்?

வளவுக்காரி:
படி எத்தின எண்டு கேளுங்க. கொமட் இருக்கா, அறைக்குள்ளயா வெளியயா, அதுக்குள்ள புடிச்சி எழும்பக் கம்பி இருக்கா எண்டு கேளுங்க. கட்டில் உயரத்தையும் கேளுங்க. இதெல்லாம் படத்துல தெரியாது. மெத்தையும் பூச்செண்டும்தான் தெரியும்.

அக்கரைப்பற்று மச்சான்:
நான் ஏமாந்த கதையச் சொல்லாம விட ஏலாது. முகநூல்ல அழகான வீடு, அறுகம்பைக்குக் கிட்ட. ஆள் மரியாதையாக் கதைச்சான். பாதிக் காசு வங்கியில போடச் சொன்னான், போட்டன். போய் நிண்டா அங்க இருந்தது ஒரு தென்னந்தோட்டமும் மாடு ரெண்டும். படம் வேற நாட்டு வீடாம். அண்டைக்கு நாங்க ராவு எட்டு மணிக்குப் பொத்துவில் ரோட்டுல நிண்டு அறை தேடினம், சீசன் காலம், வெள்ளைக்காரன் நிறைஞ்சி வழியுறான்.

இப்ப நான் செய்யிறது: வீடியோ அழைப்பு எடுத்து, கேற்றுல இருந்து குசினி மட்டும் நடந்து காட்டச் சொல்லுறது. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில பதிஞ்ச இடமா எண்டு கேக்குறது. ஹோம்ஸ்டே, வாடகை வீடு, பங்களா எல்லாத்துக்கும் அங்க பதிவு இருக்கு. பதியாத நல்ல வீடுகளும் இருக்கு, ஆனா கேட்ட உடன ஆள் தடுமாறுறானா எண்டு பாருங்க. முற்பணம் கால்வாசிக்கு மேல குடுக்கிறதில்ல.

படுவான்கரைப் பொடியன்:
அறுகம்பைக்கே போகலாமே அண்ணே? இல்லாட்டி இங்கினியாகலை. சேனநாயக்க சமுத்திரம் எண்ட பெரிய குளத்துல வள்ளத்துல போய் யானை பாக்கலாம்.

அக்கரைப்பற்று மச்சான்:
அவர்ட அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் எண்டு முதல் வரியிலயே கிடக்கு. வள்ளத்துல ஏத்தப் போறியா?

ஆரையம்பதி அக்கா:
தண்ணியப் பத்தி ஒருத்தரும் கதைக்கல்லயே. கரையோர வீடுகளில குழாய்த் தண்ணியா கிணத்துத் தண்ணியா எண்டு கேளுங்க. சில கிணறு சவர். குளிச்சா சவர்க்காரம் நுரைக்காது, தலை கயிறு மாதிரி ஆகிடும். தேத்தண்ணி ருசியும் மாறும். ஹோட்டல்ல இந்தப் பிரச்சினை வராது, அத ஒத்துக்கொள்ளத்தான் வேணும். அடுத்தது, கனடாச் சொந்தம் ஆரும் கூட வாறாங்களா? வெளிநாட்டுக் கடவுச்சீட்டு எண்டா ஹோட்டல்ல அந்த ஆளுக்கு வேற விலை சொல்லுவாங்க. வீட்டுல அந்தக் கதை இல்ல.

எருவில்காரன்:
கனடா ஒருத்தரும் இல்ல அக்கா, கொழும்புக் கொட்டாஞ்சேனைதான்.

இப்ப புதுப் பிரச்சினை. அம்மா கடல் சத்தம் கேக்குற இடத்துல படுக்க மாட்டாவாம். அவவிட தங்கச்சி குடும்பம் கடற்கரை ஓரம் நாவலடியில இருந்தது. 2004க்குப் பிறகு அம்மா பகல்ல கடற்கரைக்கு வருவா, பிள்ளையளுக்குக் கடலை வாங்கிக் குடுப்பா, இருட்ட முதல் திரும்பிப் போகோணும். இத்தின வருசமா நான் அதக் கவனிச்சிருக்கன், ஏனெண்டு வாய் விட்டுக் கேட்டதில்ல. ஹோட்டல் எல்லாம் கரையிலதான். அதால அது தானாவே விழுந்திட்டு.

வளவுக்காரி:
உள்ளுக்குத் தள்ளின வீடு பாருங்க அண்ணன். ரயில் ரோட்டுப் பக்கம் இருக்கு. கரையில இருக்கிற வீட்ட விட விலையும் குறைவு. என்ட வீடு கரைக்குக் கிட்ட, அதால நான் என்ட வீட்டச் சொல்ல மாட்டன்.

கல்லடிப் புள்ள:
கேட்டதுக்குப் பிறகு நானும் வாக்க மாத்துறன். ஆனா சமையலாள் கட்டாயம்.

(மூண்டு கிழமைக்குப் பிறகு)

எருவில்காரன்:
போய் வந்தாச்சி. கேட்ட எல்லாருக்கும் கணக்கோட சொல்லுறன்.

கடைசியா எடுத்தது கரையில இருந்து ஒண்டரைக் கிலோமீற்றர் உள்ளுக்கு, மூண்டு அறை வீடு. ரெண்டு இரவு 80,000. சமையல் அக்காவுக்கு ரெண்டு நாள் 8,000. மீன், அரிசி, மரக்கறி, தயிர்ச் சட்டி எல்லாம் 22,000. ஏசிக் கரண்ட் 90 யூனிட், யூனிட்டுக்கு 70 ரூபா கேட்டாங்க, 6,300. போன உடன மீட்டரப் படம் எடுத்து வச்சிக்கொண்டன்.

ரெண்டாம் நாள் வரவேற்பு மேசைத் தம்பி சொன்ன வழி. பகலுக்கு ஹோட்டல். பெரியாள் மூண்டு, பிள்ளையள் நாலு, எல்லாம் 30,000. அம்மாவும் நானும் போகல்ல. மொத்தம் 1,46,300. ஹோட்டல்ல மூண்டு அறை எடுத்திருந்தா அறைக்கே 1,90,000க்கு மேல, சாப்பாடு வேற.

குறையும் சொல்லோணும். முதல் ராவு கரண்ட் போய் ரெண்டு மணித்தியாலம் வரல்ல. தம்பி, உன்னத்தான் நினைச்சன். நுளம்பு வலை நாலு எண்டாங்க, ஒண்டுல பூனை போற அளவு ஓட்டை. தண்ணி சவர், ஆரையம்பதி அக்கா சொன்னது சரி, தங்கச்சிக்குத் தலை ரெண்டு நாளும் சடை. மச்சான் ஹோட்டல்ல இருந்து திரும்பி வந்து, "அங்க குளிச்சது நல்லா இருந்திச்சு" எண்டு நாலு தரம் சொன்னார்.

மனிசி ஹோட்டல்ல கடலப் பாத்துக்கொண்டு ஆரோ வெட்டிக் குடுத்த அன்னாசியத் தின்னுற படம் அனுப்பினா. அதே நேரம் நான் வீட்டுல சமையல் அக்காட்ட இறால் உரிக்கப் பழகிக்கொண்டிருந்தன். கையெல்லாம் குத்து. அக்கா என்ட வேலையப் பாத்து, "விடுங்க தம்பி, சாமத்துக்குத்தான் கறி வரும்" எண்டா.

அம்மா விறாந்தையில கால நீட்டிக் குந்தி, அந்த அக்காவோட பின்னேரம் வரைக்கும் கதை. கதைச்சிக் கதைச்சிக் கடைசியில ரெண்டு பேருக்கும் மண்டூர்ப் பக்கம் ஒரு சொந்தம் பிடிச்சிட்டாங்க. ராவைக்கு ரயில் போற சத்தம் மட்டும் கேட்டிச்சு. அம்மா நல்லா நித்திரை கொண்டா.

சாய்ந்தமருது ராத்தா:
மாஷா அல்லாஹ். மனிசி என்ன செல்றாவு?

எருவில்காரன்:
அடுத்த முறை ஒரு இரவு ஹோட்டல், ஒரு இரவு வீடாம். ஹோட்டல் இரவுக்கு அம்மாவும் நானும் வீட்டிலயே நிக்கலாமாம்.

படுவான்கரைப் பொடியன்:
அண்ணே அந்த வீட்டு நம்பர் தாங்க.

எருவில்காரன்:
நீதானே காலையில போய் பின்னேரம் வரச் சொன்னாய்?

படுவான்கரைப் பொடியன்:
மார்கழியில கலியாணம் அண்ணே.

எருவில்காரன்:
இன்பொக்ஸ்ல போட்டிருக்கன். மார்கழி மழை, நுளம்பு வலைய நீயே கொண்டு போ.